வீட்டுக்கு இரண்டு தட்டான்

ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிறவரே கொசுவை வளர்த்து ஊருக்குள் விடுகிறார் என்று எங்கள் குடியிருப்பில் ஒரு பேச்சு கிளம்பியது. வலை விற்க வேண்டுமே, அதற்காக.

கேட்ட மாத்திரத்தில் நம்பத் தோன்றுகிற பேச்சு. பல் டாக்டர் மிட்டாய்க்கடை வைத்திருக்கிறார் என்று யாராவது சொன்னால் நாம் ஆதாரமா கேட்போம்? "அதானே பார்த்தேன்" என்போம். எங்கள் கட்டடத்திலும் எல்லோரும் அதானே பார்த்தார்கள். உண்மையில் பார்த்தவர் யார் என்று கேட்டுக்கொண்டே போனால், இரண்டாம் மாடி அக்கா சலவைக்கடைக்காரரைக் கை காட்டினார், சலவைக்கடைக்காரர் கேஸ் சிலிண்டர் போடுகிறவரைக் கை காட்டினார். சிலிண்டர்காரர் மட்டும்தான் தன் நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.

"நானே கண்ணால பாத்தேன் சார். பின் தெரு மாடியில சிலிண்டரை இறக்கிட்டு நிமிர்றேன். எதிர் மொட்டை மாடியில மனுஷன் ஒரு வாளியோட துணியை அவுக்கிறாரு. குப்புன்னு ஒரு கூட்டம் கிளம்புது. புகை மாதிரி. நேரா உங்க பில்டிங் பக்கம் போச்சு."

"காத்து எந்தப் பக்கம் அடிச்சுது?"

"காத்தை எல்லாம் யார் பாத்தா? கொசுவுக்கு வழி தெரியாதா என்ன?"

இது வெறும் வம்போடு போயிருந்தால் நானும் கேட்டுச் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் எங்கள் சங்கச் செயலாளர், மழைக்காலத்துக்கு முன்னால் கட்டடம் முழுக்க, எல்லா வீட்டு ஜன்னலுக்கும், அதே வலைக்காரரிடம் வலை போடுவதாகப் பேசி முடித்திருந்தார். அவருடைய தொழிலில் அப்படி ஓர் ஆர்டர் அதுவரை வந்ததில்லை. வந்ததெல்லாம் ஒரு ஜன்னல், அரைக் கதவு, குளியலறை ஓட்டை.

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணியாகணும். நீங்க போய் விசாரிச்சிட்டு வாங்க. கொசு வளர்க்கிறது நிஜம்னா ஆர்டர் கேன்சல்" என்றார் செயலாளர்.

"நான் எதுக்கு?"

"நீங்கதான வீட்ல சும்மா உக்காந்து எழுதிட்டு இருக்கீங்க."

பின் தெருவில், மூன்று மாடி ஏறினால் மொட்டை மாடி. அதில் ஒற்றை அறை. அறைக்கு வெளியே தகரக் கூரையின் கீழ் ஒரு தையல் மெஷின். சுவரில் சாய்த்துவைத்த வலைச் சுருள்கள், சாம்பல் நிறம் ஒன்று, பச்சை ஒன்று, கறுப்பு ஒன்று. அறைக்கு இரண்டு ஜன்னல். இரண்டிலும் வலை இல்லை. பழைய திரைத்துணி ஒன்றை ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

வலைக்காரர் ஒல்லி. கை மட்டும் நீளம், ஏணி இல்லாமலே ஜன்னலின் மேல் சட்டத்தைத் தொடுவார். தெருப் பிள்ளைகள் அவருக்கு 'சிலந்தி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவருக்கு அதில் கோபம் இல்லை, வருத்தம்தான் உண்டு. "சிலந்தி வலை கட்டினா அதுல ஏதாவது வந்து மாட்டும் சார். நான் கட்டினா நான்தான் மாட்டுறேன்" என்பார்.

முதலில் திரைத்துணிக் கடையில் அளவெடுக்கிற வேலை பார்த்தவர். துணியில் ஓர் ஓட்டை இருந்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வந்துவிடுகிறார், அதனால் முழுக்க ஓட்டையாக இருப்பதையே விற்றுவிடலாம் என்று வலைக்கு வந்ததாக அவரே சொன்னார். வந்தபிறகுதான் தெரிந்தது, வலை வாங்குகிறவர்கள் வேறு ரகம். பொழுது சாய்கிற நேரத்தில் போன் வரும். "உடனே வாங்க, பிடுங்கித் தின்னுது, என்ன ஆனாலும் பரவாயில்ல." இவர் மறுநாள் காலை பத்து மணிக்கு வெயிலில் சுருளைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பார். அப்போது கொசு இருக்காது. "இப்ப ஒண்ணும் அவ்வளவா தெரியல. யோசிச்சு சொல்றோம்." அன்று சாயங்காலம் மறுபடி போன்.

யோசிக்காமல் போட்டுக்கொண்டவர்களாவது நிம்மதி கொடுப்பார்களா? சட்டத்தைத் துடைத்து, ஒட்டுப்பட்டையை அழுத்தி, வலையைப் பொருத்திவிட்டு வருவார். ராத்திரிக்குள் புகார் வரும்: "நீங்க வலை போட்டதுல இருந்து கொசு அதிகமாயிடுச்சு." உள்ளே இருந்த கொசுக்களுக்கு வெளியே போக வழியில்லாமல் போனதை அவர் பொறுமையாக விளக்குவார். "அப்ப அதுங்களையும் வெளிய அனுப்பிட்டுல்ல போட்டிருக்கணும்?" என்று கேட்பார்கள்.

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். மெஷினில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிதான் பேசினார்.

"வளர்க்கிறாரு சார். நல்லா வளர்க்கிறாரு. கட்டின பொண்டாட்டிக்குக் கூட இப்படி வேளாவேளைக்குப் பாத்து செஞ்சதில்ல."

"ஏய், சும்மா இரு."

"நான் எதுக்கு சும்மா இருக்கணும்? சாரே நேர்ல பாத்துட்டுப் போகட்டும். எழுதட்டும்."

கூரையின் அந்தப் பக்கம் வரிசையாகப் பெயிண்ட் வாளிகள். ஒவ்வொன்றின் வாயிலும் அழகாக வலை கட்டியிருந்தது. தண்ணீருக்குள் ஒரு குச்சி. குச்சிக்கடியில் சேற்று நிறத்தில், ஆறு காலும் முட்டைக்கண்ணுமாக ஓர் அசிங்கம் உட்கார்ந்திருந்தது.

"என்னண்ணே இது?"

"தட்டான் சார்."

"தட்டானா? பறக்குமே, அதுவா?"

"அதோட சின்ன வயசு. நாமளும் சின்ன வயசுல பாக்க சகிக்காமத்தான இருந்திருப்போம்."

"நீங்க இப்ப மட்டும்?" என்றார் மனைவி, மெஷினை நிறுத்தாமல்.

விஷயம் இதுதான். வலையின் ஓரத்துக்குப் பட்டை தைத்துக் கொடுப்பது மனைவி. பகலில் அந்தத் தகரத்தடியில் உட்கார முடியாது, கொதிக்கும். வெயில் தாழ்ந்துதான் மெஷினில் உட்காருவார். அதுதான் கொசுவுக்கும் வேலை நேரம். இரண்டு கையும் வலையில், இரண்டு காலும் மிதியில். கணுக்காலில் கடித்தால் அடிக்க ஆள் இல்லை. ஒரு கடிக்கு ஒரு தையல் கோணும். கோணின பட்டை ஜன்னலில் சரியாக ஒட்டாது. வாடிக்கையாளர் இவரைத் திரும்பக் கூப்பிடுவார். கொசுவர்த்தி ஏற்றினால் மனைவிக்கு இருமல். களிம்பு தடவினால் வெள்ளைப் பட்டையில் கறை. மெஷினுக்கு ஒரு மோட்டார் மாட்டிவிட்டால் விடிகாலையிலேயே வேகமாகத் தைத்து முடித்துவிடலாம். எங்கள் கட்டடத்து ஆர்டர் வந்ததும் முதல் வேலை அந்த மோட்டார் என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள்.

"மெஷினைச் சுத்தி வலையால ஒரு கூண்டு அடிச்சிடலாமே" என்று கேட்டேன்.

"அடிக்கிறேன்னு சொல்லித்தான் கல்யாணம் பண்ணிட்டு வந்தாரு" என்றார் மனைவி.

இப்படியிருக்கையில் ஒரு வீட்டில் அளவெடுக்கப் போனபோது, எங்களுக்கு வலையே வேண்டாம், கொசு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வலைக்காரருக்கு அது அவமானமாகப் போயிற்று. கொசு இல்லாத வீடு என்று ஒன்று இருக்க முடியுமா? தோட்டத்துத் தொட்டியை எட்டிப் பார்த்தார். இந்த அசிங்கங்கள் கொசுப்புழுக்களைப் பிடித்துப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தன. கேட்டு வாங்கி, சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மனைவியின் கால் தப்பிக்கட்டும் என்றுதான்.

எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விட்டார். நாளுக்கு நாள் எண்ணிக்கை குறைந்தது. மனைவிதான் கோபத்தில் எடுத்துக் கொட்டுகிறார் என்று நினைத்து இரண்டு நாள் பேசாமல் இருந்தார். பிறகு ஒருநாள் ஒன்றை இன்னொன்று தலையோடு மென்றுகொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தார். மன்னிப்புக் கேட்டாரா என்று நான் கேட்டேன். "அதுக்குத்தான் காத்துட்டு இருக்கேன்" என்றார் மனைவி.

மிஞ்சியவற்றைத் தனித்தனி வாளிக்கு மாற்றினார். அங்கேதான் அவருடைய தொழில் புத்தி வேலை செய்தது. காக்கை கொத்திவிடக் கூடாதே என்று ஒவ்வொரு வாளிக்கும் இழுத்துக் கட்டி வலை போட்டார். முதல் தரமான வலை, ஓரத்தில் இடைவெளி கிடையாது. அப்படி ஒரு வலையைத் தாண்டி எந்தக் கொசு உள்ளே போய் முட்டையிடும்? புழு இல்லை. தட்டான் குஞ்சுகள் பட்டினியில் வாடின. வலையைக் கழற்ற மனசு வரவில்லை. ஆகவே ஓரமாக இன்னொரு வாளியில் தண்ணீரைத் திறந்து வைத்து, கொசு முட்டையிடட்டும் என்று காத்திருந்து, புழுவை அள்ளி அள்ளி ஊட்டினார்.

அதாவது, கொசுவை ஒழிக்கத் தட்டானை வளர்த்தார். தட்டானை வளர்க்கக் கொசுவை வளர்த்தார்.

"வெளியூர் வேலை ஒண்ணு வந்துச்சு சார். தீனி வாளி மேல துணியைக் கட்டிட்டுப் போயிட்டேன். திரும்பி வந்து அவுத்தா எல்லாம் பெருசாகி ரெடியா இருக்கு. நான் விடல சார். அதா போச்சு."

சிலிண்டர்காரர் பார்த்தது அந்தக் காட்சியைத்தான். வதந்தி பொய்யில்லை. அதுதான் தொல்லை.

ஞாயிறு சாயங்காலம் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் கூட்டம். எல்லோரும் காலையும் கையையும் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்ததால், யார் ஆமோதிக்கிறார்கள், யார் கொசு அடிக்கிறார்கள் என்று பிரித்தறிய முடியவில்லை. வலைக்காரர் ஒரு வாளியோடு வந்திருந்தார். மனைவியும் பின்னால் வந்து தூணோரம் நின்றார்.

நான் பார்த்ததைச் சொன்னேன். யாரும் நம்பினதாகத் தெரியவில்லை. அப்போது வலைக்காரர் வாளியின் வலையைப் பிரித்து, கொண்டுவந்திருந்த புழுவில் ஒன்றை உள்ளே விட்டார். குச்சியடியில் கல் போல இருந்த குஞ்சின் முகத்தடியிலிருந்து கை மாதிரி ஒன்று நீண்டது. புழுவைக் காணோம்.

"ஐயோ! திரும்பக் காட்டுங்க" என்றார் பொருளாளர் அம்மா. திரும்பக் காட்டினார். செல்போன்கள் வெளியே வந்தன. பிள்ளைகள் முண்டியடித்தார்கள். இத்தனை வருஷத் தொழிலில் அவர் போட்ட எந்த வலையையும் ஒருவரும் படம் பிடித்ததில்லை. மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஒரு நாளைக்கு எத்தனை தின்னும்?"

"பேர் சொல்லக்கூட ஒண்ணு மிச்சம் வைக்காதும்மா."

"பறக்க ஆரம்பிச்சப்புறம்?"

"அப்ப ஆகாசத்துலயே பிடிச்சிடும். தப்பிக்கவே முடியாது."

தூணோரத்திலிருந்து மனைவி, "போதும், நிறுத்துங்க" என்றார். வலைக்காரர் காதில் விழவில்லை. கைதட்டல்தான் விழுந்தது.

தரைத்தள வீட்டு மாப்பிள்ளை ஒருவர் எழுந்தார். மெதுவாகக் கேட்டார்: "அப்ப வலை எதுக்கு?"

கொசு அடிக்கிற சத்தம்கூட நின்றுபோயிற்று.

செயலாளர் தொண்டையைச் செருமினார். வலைக்காரர் மேல் எந்தக் குற்றமும் இல்லை, அவர் சமூக சேவகர், வலை போடுவதை இப்போதைக்கு ஒத்திவைக்கிறோம், அதற்குப் பதில் வீட்டுக்கு இரண்டு தட்டான் என்று அவர் எல்லோருக்கும் கொடுக்கிறார் என்று முடிவு சொன்னார்.

வலைக்காரர் முகத்தில் ரத்தம் இல்லை. "சார், இது வீட்டுக்குள்ள எல்லாம் தங்காது சார். ரெக்கை முளைச்சா போயிடும். இருட்டினா தூங்கிடும். ஒண்ணா விட்டா ஒண்ணை ஒண்ணு தின்னுடும். எங்க வீட்லயே இன்னும் கொசு கடிக்குது சார், வேணும்னா இவ காலைப் பாருங்க."

"பாத்தீங்களா," என்றார் செயலாளர் எங்களிடம், "வியாபாரம் போகுதுன்னதும் பேச்சை மாத்துறாரு."

பொய் சொன்னபோது கைதட்டினவர்கள், உண்மையைச் சொன்னபோது எழுந்து நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். நான் குறுக்கே ஏதோ சொல்லப் போனேன். "உங்க வேலை முடிஞ்சுது சார், ரொம்ப நன்றி" என்றார்கள்.

வாசல் வரை கூடவே போனேன். வலைக்காரர் அளவு நாடாவை இழுப்பதும் விடுவதுமாக நடந்தார். மனைவிதான் வாய் திறந்தார்.

"ஆமா, நான்தான் கொசு விட்டேன், இன்னமும் விடுவேன்னு சொல்லியிருந்தீங்கன்னா பயந்துபோயாவது வலை போட்டிருப்பானுங்க."

"அப்படிப் பொய் சொல்ல முடியுமாடி?"

"அதுல என்ன பொய் இருக்கு?"

அவர் நாடாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மோட்டார் பற்றி இருவரும் பேசவில்லை.

அந்த வாளியைச் செயலாளர் மாதிரிக்கு என்று வாங்கி வைத்துக்கொண்டார். எங்கள் மொட்டை மாடியில்தான் வைத்திருந்தார். ஒருநாள் காலை பார்த்தால் குச்சியில் காய்ந்த தோல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த வீட்டுக்கும் சொல்லிக்கொள்ளாமல் தட்டான் போய்விட்டது. அடுத்தது வரும் என்று செயலாளர் தண்ணீரைக் கொட்டாமல் வைத்திருக்கிறார். வலை கட்டத்தான் மறந்துவிட்டார். தண்ணீரில் இப்போது புழு நெளிகிறது. அதைச் சொன்னால், "அதான் தீனி ரெடியா இருக்கே, ஆளைக் குஞ்சு கொண்டுவரச் சொல்லுங்க" என்கிறார்.

வலைக்காரர் மனைவி என்னை எங்கே பார்த்தாலும் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்: "சார், எங்க வாளி?" அது அவர் பட்டை நனைக்கிற வாளியாம். செயலாளரோ, மிச்சத் தட்டான் வந்தால்தான் வாளி என்று பிடிவாதமாக இருக்கிறார். நாளைக்கு வாங்கித் தருகிறேன் என்று நேற்றும் சொன்னேன்.