மீன்கடைக்குப் பின்பக்கம் குடியிருந்தவள்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு வெளியே, துணிக்கடை வாசலில், பெரிய விளம்பரக் குடை ஒன்றை நட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். குடையின் நிழல் மேசைக்குத்தான் விழுந்தது, அவளுக்கு இல்லை. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த நான் தியாகதுருகம் பேருந்துக்காகக் காத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒரு நிமிசங்க. கிரெடிட் கார்டு எடுத்துக்கிறீங்களா? ஆதாரு, பான் இருந்தா போதுங்க. ரெண்டு நிமிசத்துல ஓகே ஆயிடும்."

"வேலை இல்லாதவங்களுக்கும் குடுப்பீங்களா?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"அதெல்லாம் பாத்துக்கலாங்க்கா."

மாதிரிக்கு ஓர் அட்டையை என் கையில் வைத்தாள். வெயிலில் கிடந்து சூடாகியிருந்தது. என்னையறியாமல் மூக்கருகே கொண்டுபோய்விட்டேன். கார்டை முகர்ந்து பார்க்கிற பொம்பளையை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருக்க வேண்டும். மேசையை லேசாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அது ஒன்றுமில்லை, புது பிளாஸ்டிக்கும் அதைக் காகிதத்தில் ஒட்டியிருந்த பசையும் சேர்ந்த வாசனை. அந்த வாசனைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டு நிமிடமாம். எனக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. ஒன்பது மாதத்தில் ஒரு பிள்ளையே பெற்றுவிடலாம். நான் ஏற்கெனவே பெற்ற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரத்தான் அந்த அட்டைக்காக அலைந்தேன்.

நான் நர்ஸ். இங்கிலாந்தில் மழை மட்டும் தாராளமாகக் கிடைக்கும் ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனேன். கணவர் சேகரும், இரண்டு வயது மகள் இனியாவும் களமருதூரில். சேகர் அப்போது வேனில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி ஜவ்வரிசி ஆலைக்கு அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அங்கே குழந்தைகளுக்கு அனுமதி கிடையாது. வெளியே வீடு பிடித்தால்தான் அவர்கள் வரலாம். வீட்டு ஏஜென்ட் இரண்டே வழி சொன்னான். ஒன்று, கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டியதற்கு அந்த நாட்டில் பதிவு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். இரண்டாவதற்கு சேகரின் வேனைக் கிழங்கோடு சேர்த்து விற்றாலும் பற்றாது.

சரி, பதிவு வர என்ன வேண்டும்? கிரெடிட் கார்டு வேண்டும். கார்டு வர என்ன வேண்டும்? பதிவு வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்று நம் ஊரில் சொல்வதை வெள்ளைக்காரன் சட்டமாகவே எழுதி வைத்திருந்தான்.

நான் அசரவில்லை. சங்கராபுரம் தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். காகிதம் என்றால் எனக்குப் பயம் கிடையாது. கிளம்பும்போதே ஒரு கோப்பு கட்டி எடுத்துப் போயிருந்தேன். இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, நன்னடத்தைச் சான்று, மதிப்பெண் பட்டியல், எல்லாவற்றிலும் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரின் பச்சை மைக் கையெழுத்து, அதன் மேல் வட்ட முத்திரை. மூன்று செட். பாஸ்போர்ட் போட்டோ ஒரு டஜன். நீலச் சேலை கட்டிக்கொண்டு வங்கிக்குப் போய் அந்தக் கோப்பை மேசை மேல் வைத்தேன்.

அங்கே டேனியல் என்று ஒரு பையன். நல்ல பையன். ஒவ்வொரு தாளாகப் புரட்டி, முத்திரைகளைக் கல்யாண ஆல்பம் பார்ப்பதுபோல ரசித்துப் பார்த்தான். பச்சை மையில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்டான். தலைமை ஆசிரியர், கெஜட்டட் அதிகாரி என்று பெருமையாகச் சொன்னேன். உங்கள் உறவினரா என்றான். இல்லை, அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது என்றேன். தெரியாதவர் எப்படி நன்னடத்தைக்குக் கையெழுத்துப் போட்டார் என்று கேட்டான். அந்தக் கேள்வியை நான் அதுவரை யோசித்ததே இல்லை. கடைசியில் கோப்பை மூடித் திருப்பித் தந்துவிட்டு, முடிவு செய்வது தானில்லை, கம்ப்யூட்டர் என்றான். அரை நிமிடத்தில் கம்ப்யூட்டர், முடியாது என்றது.

ஒருத்தன் இல்லையென்றால் அடுத்தவனிடம் கேட்பதுதானே நம் வழக்கம். அதே வாரத்தில் இன்னும் மூன்று வங்கிகளுக்கு விண்ணப்பித்தேன். மூன்றும் முடியாது என்றன. அப்படி ஒரே நேரத்தில் நாலு இடத்தில் கேட்டால் இருக்கிற மானமும் போய்விடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. சொன்னது லிஸ்ஸி சேச்சி. கேரளாக்காரர், அதே வார்டில் சீனியர், கோயம்புத்தூரில் வேலை பார்த்த பழக்கத்தில் தமிழ் பேசுவார்.

"கொச்சே, நீ இந்த நாட்டுல இன்னும் பொறக்கவே இல்ல. மொதல்ல வோட்டர் லிஸ்ட்டுல பேர சேரு."

அங்கே இந்தியாக்காரர்களுக்கும் ஓட்டு உண்டு. பட்டியலில் பேர் இருந்தால் கடன் கொடுப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை. சேச்சியே என் அறை எண்ணையும் பின்கோடையும் தட்டிச் சேர்த்துவிட்டார். இரவு சேகரிடம் சொன்னேன்.

"ஓட்டுக்கு எவ்ளோ தராங்களாம்?" என்றார்.

"காசெல்லாம் தர மாட்டாங்க. கடன் தருவாங்க."

"நம்மூரே தேவல போலக்கீது."

சிரித்தோம். ஆனால் அன்றைக்கு அவர் போனை வைக்கும்போது, "பாப்பா உன் துணிய இழுத்துப் போட்டுக்கினு படுத்துக்கினு இருக்குது. சீக்கிரம் எதுனா பண்ணு" என்றார். நான் சரி என்றேன்.

பட்டியலில் பேர் ஏறியது. மூன்று மாதம் கழித்து, சின்ன வரம்புள்ள ஒரு கார்டுக்கு மறுபடி விண்ணப்பித்தேன். மறுபடியும் முடியாது. இந்த இடத்தில் நான் கல்வராயன் மலைக்குப் போய்விட்டு வர வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாடு போவதற்கு முன் மலையில் நான்கு வருடம் ஒப்பந்த நர்ஸாக இருந்தேன். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுவோம். என் பதிவேட்டில் முகவரிக்கென்று ஒரு கட்டம் உண்டு. மலையில் கதவு எண்ணாவது, தெருவாவது. "பெரிய பலாமரத்துக்கு மேல ரெண்டாவது வூடு." "ஓடை தாண்டி, கடுக்கா மரத்துப் பக்கம், நாய் இருக்கும்." இப்படித்தான் எழுதுவேன். அந்த முகவரிகளை வைத்துக்கொண்டு நான் ஒரு குழந்தையைக்கூடத் தவறவிட்டதில்லை. எனக்குப் பின்னால் வந்தவளும் அதே நோட்டைப் பார்த்துத்தான் போனாள். நாய் செத்துப்போன வீட்டை மட்டும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

கை பழகிவிட்டது. வங்கிப் படிவங்களில் முகவரிக் கட்டத்தைப் பார்த்ததும் என் கை தானாக எழுதியிருக்கிறது: இன்னார் மகள், அறை பதினான்கு, மீன்கடைக்குப் பின்பக்கம், பஸ் ஸ்டாப் எதிரில். தேடி வருகிறவன் சிரமப்படக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். முடியாது என்று சொன்ன கடிதங்கள் எல்லாம் ஒன்றுவிடாமல் என் அறைக்கு வந்து சேர்ந்தன. தபால்காரருக்கு மீன்கடை தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. அது வாக்காளர் பட்டியலில் அறை பதினான்கில் ஒருத்தியையும், வங்கியில் மீன்கடைக்குப் பின்பக்கம் இன்னொருத்தியையும் வைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் நம்பாமல் இருந்தது.

காசு கட்டி என்னைப் பற்றிய பதிவை வரவழைத்தபோதுதான் இது தெரிந்தது. சேச்சி அதைப் படித்துவிட்டு நர்ஸ்கள் அறையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன், பாதியில் அழுதுவிட்டேன். அரை வருடம் என் பிள்ளையைப் பிரிந்திருந்ததற்குக் காரணம் என் கையெழுத்தில் இருந்த ஒரு மீன்கடை. யாரைத் திட்டுவது? சேச்சி சிரிப்பை நிறுத்திவிட்டு, திருத்தல் படிவத்தை எடுத்து முன்னால் வைத்தார். அன்றைக்கு முகவரியை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு மரம், ஒரு கடை சேர்க்க விடவில்லை.

ஒன்பதாவது மாதம் கார்டு வந்தது. இருநூறு பவுண்டு வரம்பு. போனில் சேகரிடம் காட்டினேன். "இதுக்கா இவ்ளோ நாளு? நம்ம ரேசன் கார்டு இத்த வுட பெருசு" என்றார். வாரம் ஒரு ரொட்டிப் பாக்கெட், ஒரு பால், எப்போதாவது பஸ் டிக்கெட். கையில் காசை வைத்துக்கொண்டு ரொட்டியைக் கடனுக்கு வாங்கினேன். எங்கள் அப்பா பார்த்திருந்தால் மானம் போச்சு என்று கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார். இன்னொரு ஒன்பது மாதம் அப்படி ரொட்டி தின்று, மாதாமாதம் கடனைத் தவறாமல் கட்டி நல்ல பேர் வாங்கினேன். ஏஜென்ட் சாவி கொடுத்தான்.

விமான நிலையத்தில் இனியா அவள் அப்பாவின் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு தைரியம் வந்து, "சாப்டீங்களா?" என்று கேட்டாள்.

"வூட்டுக்கு யார் வந்தாலும் இப்டித்தான் கேக்குது" என்றார் சேகர். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார்.

இப்போது அந்த வங்கிக் கிளை இல்லை, காப்பிக் கடை ஆகிவிட்டது. டேனியல் எங்கே போனானோ. குவார்ட்டர்ஸை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். சேச்சி ஆஸ்திரேலியாவில் பேரனைப் பார்த்துக்கொள்கிறார். வங்கிகள் இன்று எனக்கே கடிதம் எழுதி, பெரிய கார்டு தருகிறோம், தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள் என்கின்றன. இதெல்லாம் போனால் போகட்டும், எனக்கு ஒன்றும் துக்கமில்லை.

சேகரும் பிள்ளையும் வருவதற்கு முந்தின வாரம், குளிருக்காக இனியாவுக்கு ஒரு சிவப்புக் கோட்டு வாங்கினேன். ரொட்டி தவிர அந்தக் கார்டில் நான் ஆசைப்பட்டு வாங்கிய முதல் பொருள் அதுதான். அளவு என்ன என்று கடைக்காரப் பெண் கேட்டாள். இடுப்பில் தூக்கி வைத்திருந்த நினைவில் கையால் காட்டினேன். தினமும் போனில் பார்த்த பிள்ளைதான், ஆனால் போனில் முகம் தெரியும், உயரம் தெரியாது. விமான நிலையத்தில் போட்டுவிட்டபோது கோட்டின் கை முழங்கையைத் தாண்டவில்லை, பொத்தான் ஒன்றும் பூட்டவில்லை. அடுத்த நாள் கடையில் திருப்பிக் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பணம் முழுசாகக் கார்டில் வந்து ஏறிவிட்டது. அந்தக் கோட்டு சரியாக இருந்திருக்கக்கூடிய பிள்ளையை மட்டும் நான் அப்புறம் பார்க்கவே இல்லை.