அவள் நிறத்துக்கு ஒரு மை

என் மனைவி இறந்து எட்டு மாதம் கழித்து, அவளைக் கறுப்பு வெள்ளையில் பெரிதாக அச்சிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். வருட நினைவுப் பூசைக்குள் படம் சுவரில் ஏறிவிட வேண்டும். காரைக்குடியில் முப்பது வருடமாக ஸ்டூடியோ நடத்துகிறவன் வீட்டில் பெண்டாட்டிக்கு ஒரு ஒழுங்கான படம் இல்லையே என்று நாலு பேர் கேட்பார்கள். அவர்கள் கிடக்கட்டும். எனக்கே அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவள் நல்ல கறுப்பு. அந்தக் கறுப்போடு பார்க்க வேண்டும்.

கடையில் இருக்கிற பிரிண்டர் கலர் மைகளைக் கலந்துதான் சாம்பல் நிறத்தை உண்டாக்கும். டியூப்லைட் அடியில் சரியாக இருந்த முகம், வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனதும் பச்சை பாய்ந்துவிட்டது. கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்த நிறம் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. அந்தத் தாளை நாலாகக் கிழித்துப் போட்டேன்.

கறுப்பு வெள்ளைக்கென்றே தனியாக மை விற்கிறார்கள். கலரே கிடையாது, ஒரு கறுப்பும் அதிலிருந்து படிப்படியாக இளைத்த சாம்பல்களும்தான். மூன்று விதம் வரவழைத்தேன். பழைய பிரிண்டர் ஒன்றை முழுக்கக் கழுவி அதற்கென்றே ஒதுக்கினேன். முதல் மை பளபளப்புத் தாளில் செம்புத் தகடு போல மினுங்கியது. இரண்டாவது, தேநீர் கொட்டிய மாதிரி பழுப்பு. மூன்றாவது கரியிலிருந்து செய்தது. பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றினால் நம்ம ஊர்ச் சூட்டுக்கு அடியில் தங்கி, மை பீய்ச்சும் ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும் சனியன்.

ஒவ்வொன்றிலும் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை இருபத்தொரு கட்டம் அடித்தேன். ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். பாதியை அட்டையால் மறைத்து வெயில் விழும் மேற்கு ஜன்னலில் இரண்டு மாதம் ஒட்டிவைத்தேன். கரி மை துளிக்கூட வெளுக்கவில்லை. கடைசி நாலு கறுப்புக் கட்டங்களும் ஒரே கறுப்பாகிவிடாமல் தனித்தனியாக நின்றன. அப்பாடா என்று அதிலேயே அவள் முகத்தை அடித்தேன்.

வெளிறிப் போய் வந்தது. தாளை மாற்றினேன், பிரிண்டர் செட்டிங்கை மாற்றினேன், மறுபடியும் முதல் மைக்குப் போனேன். மண்டை காய்ந்ததுதான் மிச்சம். மை விற்றவனுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி கத்தினேன். பாவம், அவன் ஒன்றுமே செய்யவில்லை.

தேவகோட்டையில் டீச்சராக இருக்கும் என் கொழுந்தியாள் ஒரு சனிக்கிழமை பூசை விஷயம் பேச வந்தாள். மேசையில் அக்காவின் முகம் பத்துப் பன்னிரண்டு தாளில் கிடந்ததைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்ன மச்சான் இது? அக்காவுக்குச் சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கீக?"

"மை சரியில்லம்மா. மூணு மை பார்த்துட்டேன், ஒண்ணும் விளங்கல."

அவள் ஒரு தாளைக் கையில் எடுத்தாள். "தலைமுடி நல்லாத்தானே கறுப்பா இருக்கு? மூஞ்சி மட்டும்தான் வெள்ளை. மை என்ன செய்யும்? நீங்கதான் எல்லாரையும் வெளுத்து வெளுத்துக் குடுப்பீகளே."

அவள் சொன்னது சத்தியம். பெண் பார்க்கப் படம் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும், "கொஞ்சம் முகத்தைத் தூக்கி, வெளுப்பாக் குடுங்கண்ணே" என்பார்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் நான் செய்வேன். பவுடர், கூடுதலாக ஒரு லைட், நெகட்டிவில் முகத்தின் மேல் பென்சில்; அங்கே கறுத்தால் படத்தில் வெளுக்கும். கம்ப்யூட்டர் வந்த பிறகு அதுவும் வேண்டாம், மௌஸில் ஒரு இழுப்பு. கை தானாகப் போகும். என் மனைவி மட்டும் விதிவிலக்கா என்ன? கல்யாணப் படத்தைக் காட்டியபோது அவள் சிரித்தாள். "யாருங்க இந்தப் பொம்பளை? லெச்சணமா இருக்காளே, இவளையே கட்டியிருக்கலாம்ல?" நானும் கூடச் சிரித்தேன். அது எவ்வளவு கேவலம் என்று அன்றைக்கு உறைக்கவில்லை.

கொழுந்தியாளை உட்காரவைத்துவிட்டு அலமாரியைக் குடைந்தேன். கல்யாண நெகட்டிவ்களை நானே கழுவியிருந்தேன். ஒவ்வொன்றிலும் அவள் கன்னத்தில் என் பென்சில். பிறகு எடுத்த டிஜிட்டல் படங்களில் திருத்தியதை அசலின் மேலேயே சேமித்து வைத்திருக்கிறேன். இடம் மிச்சமாகுமாம், என் புத்திசாலித்தனம்! ஆயிரக்கணக்கான படங்களில் என் கை படாத அவள் முகம் ஒன்றுகூட இல்லை.

சரி, வெளுத்தவன் நான்தானே, நானே கறுப்பாக்கிவிடுகிறேன் என்று படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். கொழுந்தியாள் பின்னால் வந்து நின்றாள். முகத்தைக் கொஞ்சம் இருட்டாக்கினேன்.

"இவ்வளவு போதுமா?"

"இன்னுங் கொஞ்சம்."

"இப்ப?"

"ஐயோ, இது ரொம்ப. அக்கா நெத்தி இப்படியா இருக்கும்?" தன் முன்கையைத் திரையின் அருகே நீட்டிப் பார்த்தாள். "நான் அவளை விடக் கொஞ்சம் வெளுப்பு. எவ்வளவுன்னு எனக்குச் சொல்லத் தெரியல மச்சான். நீங்க சொல்லுங்க. இருபத்தாறு வருசம் கூட இருந்தவுக நீங்கதானே."

மௌஸை விட்டேன். கண்ணை மூடி என் மனைவியை நினைத்துப் பார்த்தேன். அங்கே வந்ததும் நான் வெளுத்துவைத்த முகம்தான்.