விசாரிக்க வந்தவர்

அந்தக் கோடையில் மொரப்பூரில் நிற்காமல் போகிற ரயில்களையெல்லாம் என்னுடையவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொல்லைப்புறத்தில் நிலக்கடலை உரித்தபடி கேட்பேன். சத்தம் வரும், தடதடக்கும், போய்விடும். நான் அதே இடத்தில், அதே முறம் மடியில்.

இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தேன். கடலோரத்து அணு ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் பயிற்சிக்கு எடுத்திருந்தார்கள். போலீஸ் விசாரணை முடிந்தால்தான் உத்தரவு. "கண்ணு பட்டுரும், யாருகிட்டயும் மூச்சு வுடாத" என்றார் அப்பா. வெளியே சொல்லாத சந்தோஷம் நெஞ்சுக்குள் புழுங்கியது.

கல்லூரி நூலகத்தில் படித்த வரலாறுதான் அந்தப் பித்தை ஏற்றியது. போரில் இரண்டு நகரங்கள் சாம்பலான பின், அப்போதுதான் விடுதலையாகிக் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்த நாடுகள்கூடத் தமக்கும் ஓர் அணு உலை வேண்டுமென்றன. பணக்கார நாடுகள் உலையைக் கொடுத்துவிட்டு எரிபொருளின் சாவியைத் தங்கள் இடுப்பிலேயே செருகிக்கொண்டன. நாம் பாலைவனத்தில் ஒன்றை வெடித்துக் காட்டியதும் கதவைச் சாத்தின. அதன்பின் இங்கே வால்விலிருந்து வெல்டிங் வரை பலதையும் தாமே செய்து, கெடுத்து, மறுபடி செய்து பழகினார்கள். வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வேலை அது. அதனாலேயே என் வேலை என்று தோன்றியது. ஆனால் சாத்திய கதவுக்குப் பின்னால் ரகசியம் பெருகும். ரகசியம் இருந்தால் போலீஸும் வரும்.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாயெல்லாம் பல்லாக வந்தாள்.

"ஏண்டி, எனக்குச் சேலை எடுத்து வை. உன்னைய விசாரிச்சுட்டுப் போறாங்க."

"யாரு?"

"யாரா? மாப்ள வூட்டு ஆளுதான். வெள்ளச் சட்டை, கையில பைலு. பொண்ணப் பத்தி வேத்தாளு வேற எதுக்குடி கேப்பாரு?"

எங்கள் பக்கம் அது நியாயம்தான். அந்நியர் ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்டால் கல்யாணம். அப்போது கூட்டியும் குறைத்தும் சொல்லிக் கரையேற்றுவது அக்கம்பக்கத்தின் கடமை.

"என்ன சொன்னீங்க பெரியம்மா?"

"வயசு பத்தொம்பதுன்னேன்."

எனக்கு இருபத்து மூன்று.

"வெளியூர்ல தங்கியிருக்குதான்னாரு. ஐயோ, ஒரு ராத்திரி வெளிய தங்காத பொண்ணுங்கன்னேன். ஆஸ்டல்னு சொன்னா எவன்டி கட்டுவான்? படிப்பு தபால்லன்னு சொல்லிட்டேன். மாதா கோயில வுட்டா வூடு, வூட்ட வுட்டா கோயிலுன்னு அடிச்சுச் சொன்னேன். ஒண்ணு வுடாம எழுதிக்கிட்டாருடி!"

விண்ணப்பத்தில் சேலம் விடுதியில் இருந்த ஐந்து வருடங்களை என் கையாலேயே எழுதியிருந்தேன். முறத்தைத் தள்ளிவிட்டு ஓடினேன்.

சாதா உடையில் வந்திருந்த அந்தப் போலீஸ்காரர் தருமபுரி பஸ்ஸுக்காகக் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"சார், எனக்கு இருபத்து மூணு. சேலத்துல ஹாஸ்டல்லதான் இருந்தேன். அவங்க கல்யாண விசாரணைன்னு நெனச்சு மாத்திச் சொல்லிட்டாங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த விசாரணை? நான் யாருன்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

பதில் சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு. எனக்குத் தெரியாமல் நடக்க வேண்டியதை வழிமறித்து நிற்கிறேன். அதற்குள் மூச்சிரைக்கப் பெரியம்மா வந்து சேர்ந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி! பொண்ணு ரொம்ப சாதுங்க. வெயிலு, அதான் இப்பிடி."

பஸ் வந்தது. "வூட்டுக்குப் போம்மா" என்று ஏறிக்கொண்டார். புழுதி எங்கள் இருவர் மேலும் படிந்தது.

"மாப்ளைக்கு அண்ணனாட்டம் இருக்குது. மூக்கு நல்லா இருக்குது" என்றாள் பெரியம்மா.

உத்தரவு வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, யாரைக் கேட்பதென்றும் தெரியவில்லை. மழை வந்தது. கடலை விதைத்தார்கள், பிடுங்கினார்கள், மறுபடி என் மடியில் கொட்டினார்கள். இந்த வயதிலும் ஓர் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், கால் தானாக எழுந்து வாசலுக்குப் போகிறது.

கிறிஸ்துமஸ் கழிந்து நிஜமாகவே ஒரு மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தார்கள். பெரியம்மா ஒரு வார்த்தை மாற்றாமல் அதையே சொன்னாள். அவர்கள் எதையும் சரிபார்க்கவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம்.