அரை நிமிடம் பிந்தி வந்த ரேடியோ

டிரைவிங் டெஸ்டில் பாஸாகிவிட்டேன்! அதுவும் முதல் தடவையிலேயே! ரிவர்ஸ் எடுத்துக் காட்டிவிட்டு இறங்கினேன். உடனே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாராம்.

அவர் ஜீப் ஓட்டுகிறவர். காலையில் எங்கள் அனுமந்தன்பட்டியில் பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம் வழியாக மலையேறி, கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்தில் வேலைக்கு இறக்கிவிடுவார். சாயங்காலம் வரை அவருக்கும் அங்கேதான் பொழுது. டவர் கிடையாது. ஆனால் ஜீப்பில் இருக்கிற ரேடியோ மட்டும் கணீரென்று எடுக்கும்.

சாயங்காலம் வரை பொறுத்திருக்கலாம்தான். எனக்கு எங்கே பொறுக்கிறது? நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்த அன்று, ஜீப் நிறைய ஆளை வைத்துக்கொண்டு மனுஷன் சொன்னார்: "இவ வண்டி ஓட்டுனா ரோட்டுல போற மாடெல்லாம் மரத்துல ஏறிக்கிரும்." அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதே ஆட்கள் கேட்க, அவர் காதில் இந்தச் சேதி விழ வேண்டும். மத்தியானம் அவர்கள் தூக்குச்சட்டியோடு ஜீப்பைச் சுற்றித்தான் உட்காருவார்கள். ரேடியோவில் அப்போது நேயர் விருப்பம் ஓடும்.

அந்த நிகழ்ச்சிக்கு மாதக்கணக்காகப் போன் அடிக்கிறேன். செல்லில் ரேடியோ ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "இப்போது அழைக்கலாம்" என்று அறிவிப்பாளர் சொன்ன மறுநொடி அடிப்பேன். எப்போதும் பிஸிதான். நமக்கு ராசியில்லை என்று விட்டுவிடுவேன்.

அன்றைக்கு விடுவதாக இல்லை. டெஸ்ட் நடந்த ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து ஆப்பைத் திறந்தேன். கடைக்காரரும் அதே நிகழ்ச்சியைத்தான் தன் பட்டன் செல்லில் வைத்திருந்தார். ஏரியலுக்காகச் செருகிய இயர்போன் ஒயர் ஆணியில் தொங்கியது. அவர் செல்லில் பாட்டு முடிந்துவிட்டது. என் செல்லில் அதே பாட்டு இன்னும் ஓடுகிறது!

"என்னண்ணே இது, ஒங்க செல்லு முந்திப் போகுது?"

"எனக்கு நேரா காத்துல வருது ஆத்தா. ஒனக்கு நெட்டுல சுத்திக்கிட்டு வருது. அரை நிமிசமாச்சும் பிந்தும்ல."

அடக் கொடுமையே! இத்தனை மாதமாக, பந்தி முடிந்து இலையை எடுத்த பிறகு போய் உட்கார்ந்திருக்கிறேன்! ஆப்பின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, விரலைத் தயாராக வைத்துக்கொண்டு, கடைக்காரர் செல்லையே முறைத்துக்கொண்டிருந்தேன். அறிவிப்பாளர் "இப்போது" என்று வாயெடுத்ததும் அழுத்தினேன். மணி போனது. எடுத்துவிட்டார்கள்!

"வணக்கம், யார் பேசுறீங்க?"

"பேரு எதுக்குங்க? ஜீப்புக்காரர் சம்சாரம்னா தெரியும். ஏலத்தோட்டத்துல சாப்பிட்டுக்கிட்டு இருப்பாக, அவுகளுக்குத்தான் சொல்றேன். நான் டெஸ்ட்டுல பாசாயிட்டேன்! இங்கன மாடெல்லாம் தரையிலதான் நிக்குது!"

அறிவிப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டார். எதையாவது போடுங்கள் என்று வைத்துவிட்டேன். வைத்ததும், பேசும்போது நின்றிருந்த ஆப் மறுபடி ஓட ஆரம்பித்தது. சத்தத்தைக் கூட்டினால், அதில் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்! ஆத்தாடி, நான் இப்படியா கத்துகிறேன்? டீக்கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. சந்தோஷத்தில் இன்னொரு டீ சொன்னேன்.

பாதி டீயில் பயம் வந்துவிட்டது. அவர் அந்த நேரம் பார்த்து ரேடியோவை அணைத்திருந்தால்? கை கழுவப் போயிருந்தால்? அதற்கப்புறம் எனக்கு வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை.

சாயங்காலம் மெயின் ரோட்டிலேயே போய் நின்றேன். ஜீப் வந்து என் பக்கத்தில் நின்றது. உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. சேதி காதில் விழவேயில்லையோ? இறங்கினார். வண்டியைச் சுற்றி நடந்துபோய், முன்சீட்டில் இருந்த பெண்ணைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஸ்டியரிங் பக்கம் காலியாக இருந்தது.

"என்ன பாத்துக்கிட்டே நிக்கிற? ஏறு. எல்லாரையும் வீட்டுல எறக்கிவிட வேணாமா?"