எவன் தொட்டான்?

“எவனாவது எதையாவது தொட்டிருப்பான். கேட்டா, ‘நான் ஒண்ணுமே தொடலையே சார்’னு பச்சப்புள்ள மாதிரி நிப்பான்.”

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்த காலம் முழுக்க என் பெரியப்பாவின் புலம்பல் இதுதான். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ஆரம்பிப்பார். வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டால்கூட பெரியம்மாவிடம் இதே விசாரணை. “ஆமா, தொட்டேன். தொடாம ஓட்டுறதுக்கு நான் என்ன மந்திரவாதியா?” என்பார் பெரியம்மா.

ஓய்வு பெறும் நாளில் அலுவலகத்தில் நடந்த விருந்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். அவர் மாதிரியே பேசிக்காட்டச் சொல்லி என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். கண்ணாடியை ஏற்றுவதுபோல் காட்டினேன், செருமினேன், “எவனாவது எதையாவது...” என்று இழுத்தேன். அறையே சிரித்தது. அப்போதுதான் போன் அடித்தது. மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், ஐசியு நர்ஸ் பேசுறேன். எங்க ஸ்கிரீன்ல எல்லா கட்டிலோட நாடித்துடிப்பும் அப்படியே நிக்குது. யாருக்கும் ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல.”

“எவனாவது தொட்டிருப்பான்!” என்றார் மேனேஜர், நான் இழுத்த மாதிரியே இழுத்து. மறுபடி சிரிப்பு. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

வேலையை விட்டுப் போகிறவரின் லாகினை அன்றே மூடிவிட வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். விருந்துக்குச் சற்று முன்புதான் தன்னுடையதைத் தானே மூடியிருந்தார், அதுவும் பெருமையாக. கட்டில்களிலிருந்து நர்ஸ் மேஜைக்கு எண்களைக் கொண்டுவரும் புரோகிராமை, வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘இப்போதைக்கு இருக்கட்டும்’ என்று தன் லாகினிலேயே ஓடவிட்டிருந்தது அவருக்கு அந்த நொடியில்தான் ஞாபகம் வந்தது. லாகினோடு புரோகிராமும் நின்றுவிட்டது. அபாய மணியும் அதன் வழியாகத்தான் அடிக்கும். கடைசியாக வந்த எண்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்கிரீனில் நின்றுகொண்டிருந்தன.

“ஸ்கிரீனப் பாக்காதீங்கம்மா! ஆளப் பாருங்க! ஒவ்வொருத்தரா ஓடிப்போய்ப் பாருங்க!” என்று போனைப் பார்த்துக் கத்தினார்.

செருப்புச் சத்தம் தூரப் போனது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. மேனேஜர் பெரியப்பாவின் லாகினை மறுபடி திறந்து கொடுத்தார். பெரியப்பா அவசர அவசரமாகத் தட்டினார். பாஸ்வேர்டு தப்பு. மறுபடியும் தப்பு. “பெரியப்பா, மெதுவா” என்றேன். என் சொந்தக் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஸ்பீக்கரில் எங்கோ தூரத்தில் ஒரு கூச்சல்: “ஜன்னலோரக் கட்டில்! டாக்டரக் கூப்பிடு!”

ஒருவழியாகப் புரோகிராம் ஓட ஆரம்பித்தது. நர்ஸ் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். “நாடி ரொம்ப இறங்கிப்போச்சு சார். ஸ்கிரீன்ல நல்லாத்தான் இருந்தாரு. டாக்டர் வந்துட்டாரு, புடிச்சிட்டோம்.”

மேஜையிலிருந்த கேக்கை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேனேஜர் பெரியப்பாவின் தோளில் கை வைத்தார். “அதான் சரியாயிடுச்சே சார். நிம்மதியா வீட்டுக்குக் கிளம்புங்க.”

பெரியப்பா நாற்காலியை விட்டு எழவில்லை.

“என்னய்யா நிம்மதி? ஊரையெல்லாம் திட்டிட்டு, கடைசியில நானே தொட்டிருக்கேன். ‘இப்போதைக்கு’ன்னு சொல்லி இன்னும் எங்கெங்க, எதெத என் பேர்ல ஓட விட்டிருக்கேன்னு எனக்கே தெரியல. அது தெரியற வரைக்கும் என் லாகின எவனும் தொடாதீங்க. முக்கியமா, என்னையும் தொட விடாதீங்க!”