ஹாரன் அடிக்காத கார்

பின்னால் முதல் கியரில் உறுமும் காரின் சத்தம் கேட்டால், எங்கள் அடுக்குமாடியின் பேஸ்மென்ட் சரிவு நினைவுக்கு வரும். இரண்டு வயது மகளோடு குடகு மலையில் சைக்கிள் ஓட்ட நானும் மனைவியும் திட்டமிட்டிருந்தோம். நாங்கள் இருக்கும் வைட்ஃபீல்டோ சமதளம்; மேட்டுக்கு எங்கே போவது? ஞாயிறு காலைகளில் அந்தச் சரிவில்தான் ஏறிப் பழகினேன்.

"மலைக்குப் போறதுக்குள்ள அசோசியேஷன்காரங்க வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க" என்பாள் மனைவி.

அன்றுதான் மகளை முதன்முறையாகச் சைக்கிளின் பின்னிருக்கையில் வைத்து ஏறினேன். ஒரு கார் விலகாமல் பின்னாலேயே வந்தது. பொறுக்க முடியாதா என்ற கோபத்தில் இன்னும் அழுத்தி மிதித்தேன். மேலே வந்ததும் காரை ஓட்டிவந்த பெண் இறங்கி ஓடிவந்து மகளின் தலையைத் தாங்கிப் பிடித்தார். அவள் தூங்கிப்போயிருந்தாள். ஹெல்மெட் கனத்தில் கழுத்து ஒருபக்கம் தொங்கியிருந்தது.

"ஒரு ஹாரன் அடிச்சிருக்கலாமே, மேடம்."

"அடிச்சா திரும்பிப் பாப்பீங்க, பேலன்ஸ் போயிடும். வேற வண்டி வேகமா வந்துடக்கூடாதுன்னு மறிச்சுக்கிட்டே வந்தேன்."

பாதையையும் கியரையும் பற்றி எவ்வளவோ யோசித்திருந்தேன். குழந்தையின் தூக்கத்தை யோசிக்கவே இல்லை.

மகளை என் தோளில் சாய்த்துவிட்டு அவர் காருக்குத் திரும்பினார். "குடகுக்குப் போறோம்" என்றேன், ஏனோ.

"போய்ட்டு வாங்க. மலை எங்கயும் ஓடிடாது, சார். பாப்பா தூங்கினா நின்னுடுங்க."