அந்த லிங்க்கைத் திறக்க மாட்டேன்

உன்னிச்சைக் குளத்துக்கு அப்பால் மேய்ச்சல் தரையில் மாடு வளர்ப்பவர்களிடம் போய், நோய் கண்ட மாடுகளைப் பதிந்து மிருக வைத்தியருக்கு அனுப்புவது என் வேலை. அதற்காக நிறுவனம் ஒரு லிங்க் தந்திருந்தது. போனில், பிரவுசரில் திறந்து படிவத்தை நிரப்ப வேண்டும். டவுனில் அது நன்றாகத்தான் வேலை செய்தது.

மழைக்காலத்தில் ஒரு பெண்ணின் பசுவுக்கு உடம்பெல்லாம் கட்டி. அவள் பார்த்திருக்க எல்லாவற்றையும் நிரப்பி, படமும் எடுத்து அனுப்பினேன். திரையில் 'நன்றி' என்று வந்தது. நம்பினேன்.

அடுத்த முறை போனபோது கட்டுத்தறி வெறுமையாக இருந்தது.

"டொக்டர் வருவார் எண்டு நீங்கதானே சொன்னீங்க கா," என்றாள்.

வைத்தியரிடம் கேட்டேன். அவருக்கு ஒன்றுமே வரவில்லை. சிக்னல் இல்லாத இடத்தில் அது 'நன்றி' சொல்லிவிட்டு எல்லாவற்றையும் தொலைத்திருக்கிறது.

கூட்டத்தில் இதைச் சொல்லி, லிங்க்குக்குப் பதிலாக ஆப் கேட்டேன். லிங்க்கைச் செய்தவர் பொறுமையானவர்தான். "ஆப் எண்டா ஒவ்வொருத்தரும் இறக்கணும். பழைய போன்ல இடம் காணாது. லிங்க் எல்லாத்திலயும் திறக்கும்," என்றார்.

"ஓம். ஆனா ஆப் போன்லயே சேத்து வைக்கும். ரோட்டுக்கு வந்து சிக்னல் கிடைச்சாத் தானாப் போகும். எங்களுக்கு அதுதான் வேணும்."

முகாமையாளர் குறுக்கிட்டார். "மத்த ஆக்கள் ஒருத்தரும் முறையிடல்லயே."

"அவங்கட இடங்களிலயும் மாடு செத்திரிக்கும். உங்களுக்கிட்டச் சொல்லியிரிக்க மாட்டாங்க. இனி நான் அந்த லிங்க்கைத் திறக்க மாட்டன்."

"அப்ப வேலைய யோசிச்சுக்கொள்ளுங்க."

"யோசிச்சிட்டுத்தான் சொல்றன்."

அன்றிலிருந்து தாளில் எழுதினேன். குளக்கட்டில் ஏறி நின்றால் சிக்னல் கிடைக்கும். அங்கிருந்து வைத்தியருக்கு நேரே கோல் எடுத்தேன். நிறுவனத்தில் இருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. செத்த பசுவைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் மற்றவர்களும் லிங்க்கை விட்டுவிட்டார்கள். வெளியே சொல்லாத கதை எல்லோரிடமும் இருந்தது.

அடுத்த மழைக்கு முன் ஆப் வந்தது. என்னோடு வேலை செய்பவளின் பழைய போனில் அது ஏறவில்லை. முகாமையாளருக்குச் சிரிப்பு. "லிங்க் செஞ்சவர் அப்பவே சொன்னார்தானே?"

"சொன்னவர்தான். அவவுக்கு வேற போன் குடுங்க," என்று சொல்லி முகாமையாளரின் முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்தேன். போன் தருவதாக அவர் எழுதிக் கையெழுத்து வைத்த பிறகே எழுந்தேன்.

பசுவைப் பறிகொடுத்த அந்தப் பெண் இன்னும் என்னை முழுதாக நம்பவில்லை. அவளுடைய வேறு மாடுகளை நான் பதிந்து முடித்ததும் வைத்தியரின் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். கொடுக்கக் கூடாது என்பது அலுவலகத்தின் உத்தரவு. கொடுக்கிறேன்.